வீட்டில் கட்டெறும்பு வளர்ப்பது எப்படி?

மகள் முதலில் கேட்டது லாப்ரடார். நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம், இரண்டாவது மாடி, வாடகை வீடு. ‘நாய், பூனை கூடாது’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. கிளி என்றாள். நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றேன். மீன் தொட்டி என்றாள். தொட்டி உடைந்தால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும் என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது என்பார்கள். எங்கள் வீட்டில் லாப்ரடார் நாலே நாளில் தேய்ந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு முறை படித்தேன். எறும்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அப்படித் தொடங்கிய அனுபவத்தின் சாரமே இந்தக் கையேடு. இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஒரு ராணி, ஒரு கூடு, பதின்மூன்று மாதம். இந்தத் துறையில் செய்யக்கூடிய தவறுகளை எல்லாம் வரிசைப்படி செய்து முடித்திருக்கிறேன். நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் மிச்சமில்லை.

தேவையான பொருட்கள்

ராணி எறும்பு: 1. கடையில் கிடைக்காது, மழையில் கிடைக்கும்.

டெஸ்ட் ட்யூப்: 2. பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் வாங்கலாம். எதற்கு என்று கேட்பார்கள். நான் உண்மையைச் சொன்னேன். கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு வந்து என்னைக் காட்டினார்.

பஞ்சு: அம்மா விளக்குத் திரிக்கு வைத்திருப்பதிலிருந்து எடுக்கலாம். கேட்டு எடுப்பது நல்லது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு கிலோ. ஃபோட்டோ ஃபிரேம் கடையில் வெட்டி வாங்கிய கண்ணாடி ஒன்று. குழந்தைகள் விளையாடும் களிமண் ஒரு பாக்கெட். மீன் தொட்டிக்குக் காற்று விடும் பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று. முகப்பவுடர், ஸ்பிரிட், வேஸ்லின், சொட்டு மருந்து ஊற்றும் டிராப்பர்.

இத்தனைக்கும் ஆன செலவில் ஒரு நல்ல மீன் தொட்டியே வாங்கியிருக்கலாம் என்று மனைவி கணக்குப் போட்டுக் காட்டினாள். தேய்ந்து வந்த கட்டெறும்பு மறுபடி கழுதையாக வளரத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

படி 1: வீட்டில் சொல்லுதல்

இதுதான் கடினமான படி. தமிழ்நாட்டில் எந்தச் சமையலறையும் எறும்போடு சமாதானமாக இருந்ததில்லை. சர்க்கரை டப்பா தண்ணீர்த் தட்டின் நடுவே தீவு போல நிற்கும். மூலைக்கு மூலை மஞ்சள் தூள் இருக்கும். அலமாரியைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் கோடு ஓடும். இந்தப் போரிலும் சில தர்மங்கள் உண்டு. கடிக்காத சின்னக் கறுப்பு எறும்பு பிள்ளையார் எறும்பு, அதை நசுக்கக் கூடாது. கடிக்கிற சிவப்பு எறும்புக்கு அந்தச் சலுகை கிடையாது. காபியில் எறும்பு மிதந்தால், “எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியும், குடி” என்று முடித்துவிடுவார்கள். வாசலில் அரிசி மாவில் கோலம் போடுவதே எறும்புக்குச் சாப்பாடு என்றும் சொல்வார்கள். இப்போது கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு. எறும்பு மோந்து பார்த்துவிட்டுப் போகிறது.

நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கையில் இருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“டேய், வீட்ல இருக்கிறது போதாதுன்னு வெளியிலேருந்து வேற கொண்டாரப் போறியா?”

“இது வேற எறும்பும்மா. கட்டெறும்பு. பெட்டிக்குள்ளயே இருக்கும்.”

“அதுகிட்ட சொல்லிட்டியா?”

இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. ‘ஸ்கூல் ப்ராஜெக்ட்’ என்று சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு சொற்களுக்கு முன்னால் எந்தப் பாட்டியும் எதிர்த்துப் பேசுவதில்லை.

படி 2: ராணியைப் பிடித்தல்

புற்றைத் தோண்டி ராணியை எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ராணி கிடைக்க மாட்டாள், கடி கிடைக்கும். இயற்கையே வருஷத்தில் சில நாட்கள் ராணிகளை வீட்டு வாசலுக்கு அனுப்பி வைக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மாலையில் இறக்கை முளைத்த ஆணும் பெண்ணும் கூட்டிலிருந்து பறக்கின்றன. கலந்து முடிந்ததும் ஆண் செத்துப்போகிறது. பெண் தரையிறங்கி, தன் இறக்கையைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு, புதுக் குடித்தனத்துக்கு இடம் தேடி நடக்கிறாள். ட்யூப் லைட்டின் கீழேயோ மாடிப்படியிலோ, பருத்த வயிறும் அகன்ற முதுகுமாக ஒரு பெரிய எறும்பு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தால் அவள்தான்.

மழை ஓய்ந்ததும் முதலில் வருவது ஈசல் என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஜூன் மாதம், விளக்கைச் சுற்றிய கூட்டத்தில் ஒன்றைப் பிடித்து ட்யூபில் விட்டு, இருட்டில் வைத்து, மூன்று நாள் காத்தேன். மகள் அதற்கு ராணி மங்கம்மா என்று பெயரும் வைத்துவிட்டாள். நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்தார். “இது ஈசல்ல? எங்க ஊர்ல அரிசியோட சேத்து வறுத்துத் திம்போம். ஒண்ணே ஒண்ணை வெச்சு என்னப்பா பண்ணப் போற?” என்றார்.

ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான். கரையான் கரப்பான் பூச்சிக்குச் சொந்தம், எறும்பு குளவிக்குச் சொந்தம். அடையாளம் எளிது. எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், மீசை முழங்கை போல மடங்கியிருக்கும், முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது. ஈசலுக்கு இடுப்பே தெரியாது, மீசை மணி கோத்தது போல நேராக இருக்கும், நாலு இறக்கையும் ஒரே அளவு. முதலாம் மங்கம்மாவைச் செடியோரம் விட்டோம். இரண்டு நாள் கழித்து, இன்னொரு மழைக்குப் பிறகு, மாடிப்படியில் இறக்கை இல்லாமல் ஏறி வந்தவள்தான் இரண்டாம் மங்கம்மா.

ராணியை வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரவழைக்கும் ஆசை வேண்டாம். 2025இல் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளை டெஸ்ட் ட்யூப்களிலும் சிரிஞ்சுகளிலும் பஞ்சு வைத்து அடைத்துக் கடத்தப் பார்த்தவர்களுக்கு, ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஓராண்டு சிறை என்று தீர்ப்பானது. மாடிப்படியில் இலவசமாக ஏறி வருபவளே போதும்.

படி 3: எதுவும் செய்யாதிருத்தல்

டெஸ்ட் ட்யூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிப் பஞ்சால் அடைக்க வேண்டும். பஞ்சு ஈரமாக வேண்டும், ஒழுகக் கூடாது. மிச்ச இடத்தில் ராணியை விட்டு, வாய்க்கு இன்னொரு பஞ்சு. பிறகு கறுப்புத் துணியில் சுற்றி, ஆட்டம் அசைவில்லாத இடத்தில் வைக்க வேண்டும். செய்முறை இங்கே முடிகிறது. இனி உங்களுக்கு வேலையே இல்லை.

சாப்பாடு போடக் கூடாது, அவளுக்கு வேண்டாம். இனிப் பறக்கப் போவதில்லை என்பதால், இறக்கையை அசைத்த தசைகளையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்தே தானும் பிழைத்து, முதல் பிள்ளைகளையும் ஊட்டி வளர்த்துவிடுவாள். வெளியே போய் ஒரு பருக்கை தேடுவதில்லை. கட்டெறும்பு ராணிகளின் வழக்கம் அது. முட்டை புழுவாகி, புழு தன்னைச் சுற்றிப் பட்டுக்கூடு பின்னி, அதிலிருந்து முதல் வேலைக்காரி வெளியே வர, வெயிலைப் பொறுத்து ஆறேழு வாரம் ஆகும். அதற்குள் அடிக்கடி துணியை விலக்கி வெளிச்சம் காட்டினால் ராணி கலவரமாகித் தன் முட்டையைத் தானே தின்றுவிடக்கூடும். வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

நான் முதல் நாள் பதினொரு முறை பார்த்தேன். சும்மா இருக்கச் சொல்லி முருகன் அருணகிரிநாதருக்கு உபதேசம் செய்ததாகச் சொல்வார்கள். அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த வாரத்தில் புரிந்தது. ஐந்து முட்டை இருந்த இடத்தில் மூன்றுதான் இருந்தது. கடைசியில் மனைவி ட்யூபை வாங்கித் தன் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். எங்கள் எறும்புக் குடும்பம் பிழைத்ததற்கு என் பங்களிப்பு அந்தச் சாவியைத் தேடாமல் இருந்ததுதான்.

ஆகஸ்டில் பீரோ திறந்தபோது ஆறு வேலைக்காரிகள் இருந்தார்கள். சாதாரணக் கட்டெறும்பில் பாதி அளவுதான் இருந்தார்கள். பட்டினியில் வளர்ந்த முதல் பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அடுத்த தலைமுறையிலிருந்து அளவு சரியாகும். பின்னாளில் பெருந்தலையும் பெருந்தாடையுமாகச் சில தடிகளும் பிறக்கும்.

படி 4: கூடு கட்டுதல்

எறும்புக் கூட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவே தட்டையாக அமைத்து உள்ளே நடப்பதைப் பார்க்கும்படி செய்தவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் ஜானே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் வடிவமைத்த கூடு 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. தொழிலால் பொறியாளரான அவர், பிற்பாடு தனிம அட்டவணையையும் இடது பக்கப் படிக்கட்டு போல மாற்றி அடுக்கிக் காட்டினார். எறும்பைப் பார்த்துப் பழகியவருக்குத் தனிமங்களை அறை அறையாகக் குடிவைப்பது கஷ்டமாக இருந்திருக்காது.

செய்முறை இது. கண்ணாடியின் மேல் களிமண்ணால் அறைகளையும் வழிகளையும் உருட்டி ஒட்டுங்கள். சுற்றி அட்டையால் கரை கட்டுங்கள். இரண்டு பங்கு பிளாஸ்டர் பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். இறுகியதும் திருப்பிப் போட்டுக் களிமண்ணைத் தோண்டி எடுத்தால், அந்த இடங்களெல்லாம் அறைகள். ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டு, ஓரத்தில் துளை போட்டுக் குழாய் சொருகி, மறுமுனையைப் பிளாஸ்டிக் டப்பாவில் இணைக்க வேண்டும். கூடு வீடு, டப்பா வெளியுலகம். கூட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் வாரம் இருமுறை சில சொட்டுத் தண்ணீர் விட்டால், ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் வறட்சியுமாக இருக்கும். எந்த இடம் யாருக்கு என்று அவை முடிவு செய்துகொள்ளும்.

நாற்பத்து நாலு வயதில் நான் கட்டிய முதல் சொந்த வீடு இது. கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். ஆறு எறும்புக்கு ஓரடி நீளக் கூடு. மூன்று படுக்கை அறை, ஒரு கூடம், விருந்தினர் அறை, இரண்டு பக்கமும் வழி உள்ள ஒரு நடை. அம்மா வந்து பார்த்து, ஈசானிய மூலையில் தண்ணீர் வருகிற மாதிரி திருப்பி வைக்கச் சொன்னாள். திருப்பி வைத்தேன். பூஜை அறை என்று ஒன்றைக் காட்டினாள். ஆட்சேபிக்கவில்லை.

படி 5: குடியேற்றம்

ட்யூபைத் திறந்து டப்பாவில் வைத்தால் எறும்புகள் புது வீட்டைக் கண்டு குதூகலமாகக் குடிபோகும் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆயிற்று. ஒருத்தி வந்து எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். வீடு பார்க்க வந்து, “வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்” என்று போகிறவர்களின் நடை அது. மூன்று வாரம் வேறு யாரும் வரவில்லை. எறும்புக்குப் பெரிய வீடு பிடிக்காது. உடம்பு இடிக்கிற அளவுக்குச் சின்ன, இருட்டான, ஈரமான பொந்துதான் அதற்குப் பாதுகாப்பு. ஆறு பேர் ஓரடி வீட்டில் இருப்பது ஆறு பேர் சென்ட்ரல் ஸ்டேஷனில் படுத்திருப்பது போல.

பலவந்தமாக ட்யூபைத் தட்டிக் கொட்டாதீர்கள். பழைய இடத்தில் வெளிச்சம் விட்டு, புது இடத்தை இருட்டாக்கினால் தாமாகவே நகரும். நான் மூன்று அறைகளைப் பஞ்சு வைத்து அடைத்துவிட்டு, ட்யூபின் மேல் மேஜை விளக்கைப் போட்டேன். குடித்தனக்காரரைக் கிளப்ப ஹவுஸ் ஓனர் கரண்டைப் பிடுங்குவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கரண்டைக் கொடுத்துக் கிளப்பிய முதல் ஹவுஸ் ஓனர் நானாகத்தான் இருப்பேன். அக்டோபர் மாதம் ஒரு ராத்திரியில், வேலைக்காரிகள் புழுக்களைத் தாடையில் கவ்வித் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். ராணி கடைசியில் நடந்து போனாள். ஈசானிய மூலை பிள்ளைகள் அறை ஆயிற்று. பூஜை அறை குப்பைத் தொட்டி ஆயிற்று. அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

படி 6: சாப்பாடு

இரண்டே வகை. உழைப்பவர்களுக்கு இனிப்பு, வளரும் புழுக்களுக்குப் புரதம். ஒரு பங்கு சர்க்கரைக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து வைக்கலாம். புரதத்துக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் கடுகளவு, அல்லது பூச்சி. எங்கள் பகுதியில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. மின்சார மட்டையால் அடித்தது பரவாயில்லை. மருந்தடித்துச் செத்த கொசுவோ கரப்பானோ ஒருபோதும் போடக் கூடாது, கூடே காலியாகிவிடும். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

வளர்ந்த எறும்பால் கெட்டியான எதையும் விழுங்க முடியாது. திரவத்தைத்தான் குடிக்கும். குடித்ததில் பெரும்பகுதியை ஒரு தனிப் பையில் வைத்துக்கொண்டு வந்து, கூட்டில் இருப்பவர்களுக்கு வாயோடு வாய் வைத்துப் பகிரும். ஆகவே டப்பாவுக்கு நாலு பேர்தான் வருகிறார்கள் என்று கவலைப்பட வேண்டாம். பந்தியில் உட்கார்ந்தவர் நாலு பேர், சாப்பிட்டவர் நாற்பது பேர்.

படி 7: எல்லைப் பாதுகாப்பு

முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்து டப்பாவின் உட்சுவரில் மேல் விளிம்பைச் சுற்றித் தடவினால், காய்ந்தபின் எறும்பு ஏற முடியாமல் வழுக்கி விழும். தாம்பரத்தில் நவம்பர் வரைக்கும் இது வேலை செய்தது. வடகிழக்குப் பருவமழைக் காற்றின் ஈரத்தில் பவுடர் நமுத்துப்போக, அதன்மேல் மாடிப்படி ஏறுவது போல ஏறினார்கள். வேஸ்லின் தடவினேன். ஏப்ரல் வெயிலில் அது உருகி வழிந்தது.

உள்ளே இருப்பவை வெளியே போவதைத் தடுப்பதில் பாதிக் கவனம் போதும். வெளியே இருப்பவை உள்ளே வருவதுதான் ஆபத்து. ஒரு காலையில் பார்த்தால், ஜன்னலிலிருந்து டப்பா வரை சித்தெறும்பு வரிசை. சர்க்கரைத் தண்ணீருக்கு வந்தவை, குழாய் வழியாகப் பிள்ளைகள் அறைக்கும் போய்க்கொண்டிருந்தன. என் எறும்புகள் தாடையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றன. நான் ஓடிப்போய் அம்மாவிடம் கையேந்தினேன்.

“அம்மா, எறும்பு சாக்பீஸ் எங்க?”

“எதுக்கு?”

“எறும்புக்கு எறும்பு வந்திடுச்சு.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இந்தக் கையேட்டில் எழுத முடியாது. ஆனால் சாக்பீஸ் தரவில்லை. அதில் இருக்கும் மருந்துக்கு உன் எறும்பு, ஊர் எறும்பு என்று வித்தியாசம் தெரியாது என்றாள். அவள் சொன்னது சரி. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் கூட்டைத் தூக்கி வைத்தாள். சர்க்கரை டப்பாவுக்கு முப்பது வருஷமாகச் செய்து வரும் அதே அகழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எறும்பு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ஜான் லுப்பாக்கும் தன் கூடுகளுக்குத் தண்ணீர் அகழிதான் வைத்திருந்தார். அம்மா அவரைப் படித்ததில்லை.

படி 8: கல்விப் பயன்

இந்த லுப்பாக் லண்டனில் வங்கி நடத்தியவர், நாடாளுமன்ற உறுப்பினர். 1871இல் பிரிட்டனுக்கு வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தவர். ஊருக்கெல்லாம் லீவு வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் நேரத்தை உழைப்புக்குப் பெயர்போன எறும்போடு கழித்தார். எறும்புக்குக் காது கேட்குமா என்று அறிய விசில் ஊதினார், வயலின் வாசித்தார், தொண்டை கிழியக் கத்தியும் பார்த்தார். எறும்புகள் திரும்பியும் பார்க்கவில்லை. சில எறும்புகளுக்குச் சாராயம் கொடுத்து மயக்கி, கூட்டுக்காரர்களுக்கு முன் போட்டார். தங்கள் கூட்டைச் சேர்ந்தவர்களைப் பெரும்பாலும் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள், அயலாரை அகழியில் தள்ளினார்கள். இவையெல்லாம் 1882இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கின்றன. இந்தப் பரிசோதனையை நீங்கள் செய்ய வேண்டாம். நம் தெருக்களிலேயே ராத்திரி பத்து மணிக்கு மேல் இலவசமாகப் பார்க்கலாம்.

எட்வர்ட் வில்சனும் அவருடைய சகாக்களும் 1958இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு ரகம். செத்த எறும்பில் உண்டாகும் ஓலிக் அமிலத்தை உயிருள்ள எறும்பின் மேல் தடவினால், மற்றவை அதைப் பிணம் என்று முடிவு செய்து, கால்களை உதறினாலும் விடாமல் குப்பைமேட்டில் கொண்டு போடும். அது தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்ட பிறகுதான் வீட்டில் சேர்ப்பார்கள். ஓய்வூதிய அலுவலகத்தில் உயிர்ச்சான்று கொடுக்கப் போகும் பெரியவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

நான் கூடு கட்டியதன் உள்நோக்கம் வேறு. ‘எறும்பைப் பார், எப்படி உழைக்கிறது’ என்று மகளுக்கு ஆறாம் வகுப்பிலேயே காட்டிவிட வேண்டும். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தாள்.

“அப்பா, இந்த ஓரத்துல இருக்கிற எட்டு பேரும் காலையிலேருந்து அசையவே இல்லப்பா.”

செத்துவிட்டதோ என்று பயந்து ஊதினேன். மீசையை ஆட்டின. பிறகுதான் படித்தேன். அரிசோனா பல்கலைக்கழகத்தில் டெம்னோதோராக்ஸ் என்ற சிற்றெறும்பின் கூடுகளைக் கண்காணித்தவர்கள், வேலைக்காரிகளில் சுமார் 40 சதவீதம் பெரும்பாலும் சும்மாவே இருப்பதைக் கண்டார்கள். 2017இல் வந்த ஆய்வின்படி, உழைப்பவர்களை அப்புறப்படுத்தினால் சும்மா இருந்தவர்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். சும்மா இருப்பவர்களை அப்புறப்படுத்தினால் அந்த இடத்துக்கு யாரும் வருவதில்லை. இதைச் சத்தமாகப் படித்தது என் தவறு. இப்போது வீட்டுப்பாடம் எழுதச் சொன்னால், “நான் ரிசர்வ்ல இருக்கேம்ப்பா” என்கிறாள்.

வழக்கமான சந்தேகங்கள்

*கடிக்குமா?* கடிக்கும். கட்டெறும்புக்குக் கொடுக்கு இல்லை. தாடையால் கடித்து, அந்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். 1671இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்துத்தான் அந்த அமிலத்தை எடுத்தார். அவர் எத்தனை கடி வாங்கியிருப்பார் என்று நினைத்தால் உங்கள் வலி குறையும்.

*குளிர்காலத்தில் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா?* ஐரோப்பியக் கையேடுகள் அப்படிச் சொல்லும். அது பனி விழும் ஊர் எறும்புக்கு. இட்லி மாவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி என்னிடம் இதைத் தெளிவாக விளக்கினாள்.

*எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை வருமா?* மழைக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் நாம் முட்டை என்று நினைக்கும் வெள்ளைப் பொருட்களில் பெரும்பாலானவை புழுக்களும் பட்டுக்கூடுகளும். முட்டை அதைவிட மிகச் சிறியது.

*ஆண் எறும்பு என்ன வேலை செய்யும்?* வேலை செய்பவர்கள் எல்லாரும் பெண்கள். ஆண், கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது. அதனால் அதற்குத் தாத்தா உண்டு, அப்பா கிடையாது. பறக்கும் நாள் வரும்வரை உட்கார்ந்து சாப்பிடும். “இதுக்கு எறும்பு எதுக்குங்க வளர்க்கணும்?” என்றாள் மனைவி.

*ராணி எத்தனை நாள் இருப்பாள்?* லேசியஸ் நைஜர் என்ற ஐரோப்பியக் கறுப்பெறும்பின் ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் பறந்தபோது வாங்கிச் சேமித்த விந்துதான் ராணிக்கு ஆயுள் முழுக்க முட்டையிடப் போதும். நம்மூர் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம். யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 9: வெளியூர் போதல்

மே மாதம் குலதெய்வம் கோயிலுக்கு நாலு நாள் திருநெல்வேலி போனோம். அப்போது கூட்டில் அறுபது பேர் இருந்தார்கள். வெயிலில் காய்ந்துவிடுமே என்று ஈசானிய மூலையில் வழக்கத்தைவிட நாலு மடங்கு தண்ணீர் ஊற்றினேன். ஊறிய பிளாஸ்டர் மாவு போல இளகும் என்பதும், கட்டெறும்பின் தாடைக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்பதும் ஊற்றுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள். இன்னொன்று, கிளம்புகிற அவசரத்தில் கடைசியாக ஒரு வீடியோ எடுத்துவிட்டு, ஃபோன் சார்ஜர் வயரை அப்படியே விட்டிருந்தேன். அதன் ஒரு முனை கூட்டின் மேல் கிடந்தது, மறுமுனை சுவரில்.

திரும்பி வந்தபோது அகழி நிறையத் தண்ணீர் இருந்தது. கூட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மூன்று படுக்கை அறையும் கூடமும் காலி. முன்பணம் கேட்காமல் காலி செய்த முதல் குடித்தனக்காரர்கள். குப்பையைக்கூடப் பூஜை அறையிலேயே விட்டிருந்தார்கள்.

மகள் இரண்டு நாள் அழுதாள். அம்மா இரண்டு நாள் சமையலறையைச் சல்லடை போட்டுத் தேடினாள். எங்கும் ஒன்றும் இல்லை.

ஜூலையில் ஒரு காலை, அம்மா பூஜைக்குப் பூப்பறிக்கப் பால்கனிக்குப் போனவள் கூப்பிட்டாள். செம்பருத்தித் தொட்டியின் மண்ணில் ஒரு துளை. வாசலில் ஈர மண் உருண்டைகள் வட்டமாகக் குவிந்திருந்தன. பெருந்தலைத் தடி ஒருத்தி காவல் நின்றாள். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள் போலிருந்தது. கண்ணாடி இல்லை, குழாய் இல்லை, வாரம் இருமுறை சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மா தினமும் செடிக்கு ஊற்றும் ஒரு சொம்புத் தண்ணீர்தான். அந்தத் தொட்டியைச் சந்தையில் எண்பது ரூபாய்க்கு வாங்கியிருந்தோம், செடியையும் சேர்த்து.

அவை ஏன் அங்கே போயின என்பது தண்டைப் பார்த்ததும் தெரிந்தது. செம்பருத்தியின் கொழுந்தெல்லாம் மாவுப்பூச்சி, வெள்ளை வெள்ளையாக. மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பை வெளியே விடுகிறது. எறும்புகள் மீசையால் அதன் முதுகைத் தடவித் தடவி அந்தச் சொட்டை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தன. மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டு ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து துரத்தினார்கள். அறை கட்டவில்லை, மூடி போடவில்லை, பதினொரு முறை எட்டிப் பார்க்கவில்லை. எதிரியை விரட்டினார்கள், கொடுப்பதை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். எறும்பு வளர்ப்பதற்கு நான் ஒன்பது படி எழுதியிருக்கிறேன். அவை எந்தப் படியும் எழுதாமல் வேறொரு பிராணியை வளர்த்துக்கொண்டிருந்தன.

அம்மா வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலக்கி எடுத்து வந்தாள். மகள் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“தெளிக்காத பாட்டி! அது மங்கம்மா வீட்டு மாடு.”

அம்மா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் வாடகை ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மாடு கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.